மூவர் கோயிலும் ஒரு கிணற்றுக் குளியலும்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொடும்பாளூர் போய் வந்தோம். விராலிமலைக்குப் பக்கம்தான். பெயர் மூவர் கோயில், ஆனால் இப்போது நிற்பது இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரிலும் எழுப்பியதாக நடுக்கோயில் சுவரில் கிரந்தக் கல்வெட்டு இருக்கிறது. சோழர்களுக்குத் துணை நின்ற வேளிர். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு.

“அப்போ இடிஞ்சது யாரோடதுப்பா?” என்று மகள் கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கல்வெட்டு படிப்பவன் போலத் திரும்பிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கே கல் சுட்டது. சரி என்று சொந்தக்காரர் வயல் கிணற்றுக்குப் போனோம். மகன் நகரத்து நீச்சல் குளத்தில் மூன்று மாதம் பழகியவன். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஆழம் எழுதலையே” என்றான். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்தார். அறுபத்தெட்டு வயது! அம்மா திட்டிய திட்டு கிணற்றுக்குள் எதிரொலித்தது.

அப்புறம் லாரி ட்யூபைக் கட்டிக்கொண்டு மகனும் இறங்கினான். புளிசோறு ஆறிப்போகும் வரை ஏறவே இல்லை.