சாண்டா கிளாராவில் ஒரு சத்தமில்லாத ரேஸ்

கார் ரேஸைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து, நம் பையன்களும் ஓட்டிப் பார்க்கக்கூடிய செலவில் ஒற்றை சீட் ரேஸ் காரைச் செய்து காட்டிய கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் சுமக்கிறது. 2005-ல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊரிலிருந்து போனவர்தான். எங்கள் வீட்டில் டிவியில் ஃபார்முலா ஒன் ஓடினால் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போகும்.

அதனால், கோடை லீவில் கலிஃபோர்னியாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா "எல்லாரும் கோ-கார்ட் ஓட்டப் போலாமா?" என்று கேட்டதும் என் வீட்டுக்காரரும் பையனும் பதில் சொல்வதற்கு முன்பே ஷூவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கோ-கார்ட் என்றால் தரையோடு ஒட்டி ஓடும் ஒற்றை சீட் குட்டி ரேஸ் வண்டி. "கட்டடத்துக்குள்ளயே ட்ராக். எல்லாம் கரண்ட் வண்டி" என்று மாமா சேர்த்துச் சொன்னபோது மட்டும் பையன் முகம் கொஞ்சம் வாடியது. கரண்ட் வண்டி என்றால் பொருட்காட்சியில் ரப்பர் பம்பரோடு முட்டிக்கொள்ளும் டாஷிங் கார்தான் அவனுக்குத் தெரிந்தது. "அதுல என்னங்க பெரியப்பா ரேஸ்?" என்றான். மாமா சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

போன இடம் சாண்டா கிளாராவில் மீட் அவென்யூவில் இருக்கும் கே1 ஸ்பீட். 2003-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் கார்ல்ஸ்பேட் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம். இப்போது அமெரிக்காவில் பல ஊர்களில் கிளை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்களும் குடோன்களும். நடுவில் இன்னொரு குடோன், அவ்வளவுதான். உள்ளே நுழைந்தால் சுவரெங்கும் ரேஸ் ஓட்டுநர்களின் உடைகள், ஹெல்மெட்டுகள், பழைய படங்கள். அதைத் தாண்டினால் வழவழவென்று சிமெண்ட் தரை, அதில் வளைந்து வளைந்து போகும் பாதை.

எனக்கு முதலில் பட்டது சத்தம் இல்லாததுதான். ஒரு ரேஸ் அப்போது நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் நல்ல வேகத்தில் போகின்றன. ஆனால் இன்ஜின் உறுமல் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. கேட்பதெல்லாம் திருப்பத்தில் டயர் தரையில் இழுபடும் கிறீச்சு மட்டும். பெட்ரோல் வண்டியைக் கூரைக்குக் கீழே ஓட்டவிட்டால் புகையை வெளியேற்றுவதற்கே பெரிய பெரிய ஃபேன்கள் வேண்டியிருக்கும். பேட்டரி வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இப்படி ஊருக்கு நடுவே நான்கு சுவருக்குள் ட்ராக் போட முடிகிறது. மழையும் வெயிலும் கூட ஒரு பொருட்டில்லை.

முதலில் உயரம் அளந்தார்கள். பெரியவர்கள் வண்டிக்கு நாலடி பத்து அங்குலம் இருக்க வேண்டும். சின்னவர்கள் வண்டிக்கு நாலடி. ஒன்பதாவது படிக்கும் என் பையன் பெரியவர்கள் பக்கம் சுலபமாகத் தேறிவிட்டான். நாலாவது படிக்கும் பொண்ணு அளவுகோலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று சின்னவர்களில் சேர்ந்தாள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக ஓட விடுவதில்லை. சின்னவர்கள் வண்டியின் வேகத்தையும் பெரியவர்கள் வண்டியில் பாதிக்கும் கீழாகவே வைத்திருக்கிறார்கள். இது பெற்றோருக்கு நிம்மதி, பொண்ணுக்குக் கோபம். அண்ணனோடு மோதலாம் என்று வந்தவள் அவள்.

அப்புறம் திரையில் உறுதிமொழிப் படிவம். எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்ததைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட வேண்டும். மாசமாக இருப்பவர்களும், முதுகு, கழுத்துத் தொல்லை உள்ளவர்களும் ஓட்டக்கூடாது. செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். நீளமான தலைமுடியை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். நம் ஊரிலிருந்து போகிற பெண்களுக்கு இன்னொன்றையும் நான் சொல்வேன்: துப்பட்டா, புடவை எதுவும் வேண்டாம். சீட்டுக்குப் பக்கத்திலும் பின்னாலும் சுற்றுகிற பாகங்கள்தான் இருக்கின்றன. பைக்கில் துப்பட்டா சிக்கி நடந்ததையெல்லாம் நாம் எத்தனை செய்தியில் படித்திருக்கிறோம். நான் ஜீன்ஸில் போயிருந்தேன். அம்மா புடவையில் வந்ததால் கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை.

ஹெல்மெட்டுக்கு முன்னால் தலைக்கு ஒரு மெல்லிய துணி உறை தருகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரிய நின்ற எங்கள் ஆறு பேரையும் பார்த்து அம்மா, "ஏனுங்க மாப்பிள்ளை, இது கொள்ளைக்குப் போற வேசமாட்ட இருக்குதுங்களே" என்றார். மாமா உறைக்குள்ளேயே சிரித்தார்.

சரி, வண்டிக்கு வருவோம். கோ-கார்ட்டில் உட்காருவது மணைக்கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிற மாதிரி. தரைக்கும் உங்களுக்கும் நடுவில் ஓரிரு அங்குலம்தான். கியர் கிடையாது. வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், இடது காலுக்கு பிரேக். இரண்டையும் ஒரே நேரத்தில் மிதிக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் இல்லை. குலுங்கலைத் தாங்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்கின்றன. நம் காரில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும். இதில் அது நடக்காது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும், நாம்தான் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டும். நாலு சுற்று முடிவதற்குள் முன்கை கடுக்க ஆரம்பித்துவிடுகிறது.

பெரியவர்கள் வண்டி 20 குதிரைத்திறன் என்கிறார்கள். அதிகபட்சம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டுகிற எனக்கு அது பெரிய எண்ணாகப் படவில்லை, உட்காரும்வரை. தரையோடு தரையாக இருக்கும்போது அதே வேகம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அதைவிட, மின்சார மோட்டாரின் குணம் வேறு. பெட்ரோல் இன்ஜின் முறுக்கேறித்தான் முழுபலத்தைக் காட்டும். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்துவிடுகிறது. காலை வைத்ததும் முதுகு சீட்டில் அப்பியது. டாஷிங் கார் என்று நினைத்த என் பையன் முதல் திருப்பத்திலேயே "அய்யோ" என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லாத ரேஸில் யாரும் பயத்தை ஒளித்து வைக்க முடியாது.

இந்த ரேஸின் விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கொடியசைத்து விடுவதில்லை. ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறார்கள். வண்டியில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அது நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. கடைசியில் யாருடைய ஒரு சுற்று எல்லாவற்றிலும் வேகமானதோ அவர்தான் முதலிடம். முன்னால் போகிறவர் ஜெயிக்கிறார் என்று அர்த்தமில்லை. பின்னால் வருகிறவரும் தோற்கிறார் என்று அர்த்தமில்லை. ஒருவரை முந்துவதற்காக முட்டி மோதினால் அந்தச் சுற்று வீண். முன்னால் இடம் விட்டுக் கொஞ்சம் பின்தங்கி, அப்புறம் ஒரு சுற்றைச் சுத்தமாக ஓட்டுகிறவர் பட்டியலில் மேலே ஏறிவிடுவார்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு மாமாவை முந்த வேண்டும். மாமாவுக்கு அவரை விடக்கூடாது. இரண்டு பேரும் ஒரே திருப்பத்துக்குள் ஒன்றாக நுழைந்து, தடுப்பில் உரசி நின்றார்கள். தடுப்பு பிளாஸ்டிக், இடித்தால் உள்வாங்கிக்கொள்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் எல்லாருடைய வண்டியும் தானாகவே மெதுவானது. ஓரத்தில் நின்ற ஊழியர் கையிலிருக்கும் ரிமோட்டில் அத்தனை வண்டிகளின் வேகத்தையும் ஒரே நேரத்தில் குறைத்துவிட முடிகிறது. பல பெட்ரோல் கார்ட் ட்ராக்குகளில், மெதுவாகப் போகச் சொல்லி மஞ்சள் கொடியைக் காட்டிக் கெஞ்ச வேண்டிய வேலை இங்கே ஒரு பொத்தானில் முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளைகளை முதன்முதலில் ஓட்டவிட மின்சார ட்ராக்தான் நல்லது என்பேன்.

ஜெயித்தது அக்கா மகள். காலேஜில் சேரப்போகிற பெண், ஐம்பது கிலோ கூட இருக்கமாட்டாள். எடை குறைந்தவர்களுக்கு இதில் நிஜமாகவே லாபம் உண்டு. அதே மோட்டார் குறைந்த பாரத்தை இழுக்கிறது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஓடுவதற்கு முன்பே என்னிடம் சொன்னாள்: "சித்தி, திருப்பத்துக்குள்ள பிரேக் போடாதீங்க. நேரா போறப்பவே போட்டு முடிச்சிருங்க. அப்புறம் வெளிய வர்றப்ப ஃபுல்லா மிதிங்க." பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். திருப்பத்தின் நடுவில் மிதித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். வெளிப்பக்க ஓரத்திலிருந்து உள்பக்க முனையைத் தொட்டு மறுபடியும் வெளிப்பக்கம் வந்தால் வளைவு விரிந்து, வேகம் குறையாமல் தப்பிக்கிறது. அவள் சொன்னபடி ஓட்டியபோது மெதுவாகப் போவதுபோலத்தான் எனக்குத் தோன்றியது. டயர் கிறீச்சிடவே இல்லை. திரையில் பார்த்தால் என் நல்ல சுற்றெல்லாம் அப்படிச் சத்தமில்லாமல் ஓட்டியவைதான். டயர் கத்தினால் அங்கே வேகம் வீணாகிறது என்று கணக்கு. இன்ஜின் ஓசை இல்லாததால் இந்தப் பாடம் காதுக்கே கிடைக்கிறது.

பட்டியலில் நான் வீட்டுக்காரருக்கு மேலே இருந்தேன். வித்தியாசம் கால் நொடிக்கும் குறைவு. "என் வண்டி கொஞ்சம் மந்தம்" என்றார். எல்லாத் தோல்விக்கும் இந்த ட்ராக்கில் இதுதான் பதில் என்று பக்கத்துக் குடும்பத்தில் பேசியதைக் கேட்டபோது புரிந்தது.

பொண்ணு ஓட்டியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தோம். அவளோடு ஓடியவர்களில் அவள்தான் சின்ன உருவம். நீலக் கொடி காட்டினால் பின்னால் வருகிற வேகமான வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஒதுங்கி, கையைக் காட்டி, "போங்க" என்று தலையாட்டினாள். அம்மா கண்ணாடியைத் தட்டி, "கண்ணு, நீ எதுக்கு விடற? போ சாமி!" என்று கத்திக்கொண்டிருந்தார். காலையில் "மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்று வேண்டிக்கொண்டவரும் இதே அம்மாதான்.

இந்த விளையாட்டே இந்த மாநிலத்தில் பிறந்ததுதான். 1956-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ரேஸ் கார் கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாயை வளைத்து, புல்வெட்டும் மெஷினுக்கான சின்ன இன்ஜினைப் பொருத்தி முதல் கார்ட்டைச் செய்தார். பாசடீனாவில் ரோஸ் பௌல் மைதானத்தின் பார்க்கிங் இடத்தில்தான் ஆரம்பத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கு ஃபார்முலா ஒன்னுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயதில் கார்ட்டில் தொடங்கியவர்கள். ஃபார்முலா ஒன் சாம்பியன் ஷூமாக்கரின் அப்பா ஜெர்மனியில் கெர்பென் என்ற ஊரில் கார்ட் ட்ராக்கைப் பார்த்துக்கொண்டவர். மாமா இதைச் சொல்லி முடித்ததும் பையன் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான்.

செலவையும் சொல்ல வேண்டும். வருடாந்தர லைசென்ஸ் என்று தனியாக ஒரு தொகை, அப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிக் காசு. நம் ரூபாயில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டமே இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, அதுவும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஓட்டம். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் நிறுத்திக்கொள்வது நல்லது. சனி, ஞாயிறில் கூட்டமும் அதிகம், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே காத்திருப்பும் நீளம். வேலை நாளில் மதியம் போக முடிந்தால் அப்படியே செய்யுங்கள். ஒரு ஓட்டத்தோடு திரும்புவதில் அர்த்தமில்லை. முதல் ஓட்டம் வழி தெரிந்துகொள்ளவே போய்விடும். அதேபோல மூன்று ஓட்டத்துக்கு மேல் கையும் தோளும் கேட்காது.

இரவுச் சாப்பாடு சன்னிவேலில், எல் கமினோ ரியால் ரோட்டில். தோசைத் துண்டைப் பிய்க்க விரல் மடங்கவில்லை என்று ஆளுக்கு ஆள் புலம்பினோம். அக்கா மட்டும் தெம்பாக இருந்தாள். எல்லாரையும் முந்தவிட்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில் ஓட்டியவள் அவள். பட்டியலில் கடைசி. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

மாமாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. வருடத்துக்கென்று லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது, ஒரே நாளோடு விட்டால் நஷ்டம் என்று அக்காவிடம் கணக்குச் சொல்லி, நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு நாளைக் குறித்துவிட்டார். இந்த முறை காலை டிபனைக் குறைக்கப் போகிறாராம், எடை விஷயம். வீட்டுக்காரரும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா மகள் இருவருக்கும் சேர்த்து ஒரு சட்னி கூடுதலாக அரைக்கச் சொல்லியிருக்கிறாள்.