மந்தமான மீட்சியில் வரவு மதிப்பீடு

நகராட்சி போன்ற உள்ளாட்சிகளில் சென்ற ஆண்டு வசூலோடு எட்டு சதவீதம் கூட்டி அடுத்த ஆண்டு வரவு எழுதும் வழக்கம், பொருளாதாரம் சீராக வளரும்போது பெரிய சேதம் செய்வதில்லை. சரிவுக்குப் பிறகு மெல்ல எழும் காலத்தில் அதுவே பட்ஜெட்டில் ஓட்டை போடுகிறது. வசூல் என்பது கேட்பை, அதாவது அந்த ஆண்டு மக்கள் கட்ட வேண்டிய மொத்த வரியை, வசூல் விகிதத்தால் பெருக்கி வரும் தொகை. இரண்டும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை.

நடப்புக் கேட்பு 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். நல்ல காலத்தில் 92 சதவீதம் வசூலான இடத்தில் இப்போது 85, அதாவது 8.5 கோடி. எட்டு சதவீதம் கூட்டினால் 9.18 கோடி. கேட்பு அசையாவிட்டால், இதன் பொருள் வசூல் விகிதம் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 92-ஐத் தொட்டுவிடும் என்பது. வருமானம் இழந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் வரி கட்டும் நிலைக்கு வருவதில்லை. கேட்பு 1 சதவீதம் கூடி, விகிதம் 86.5 ஆனால் வருவது 8.74 கோடிதான். இடையில் விழும் 44 லட்சத்தை ஆண்டுக் கடைசியில் சாலைப் பராமரிப்பை வெட்டியும் பில்களைக் கொடுக்காமல் தள்ளிவைத்தும்தான் ஈடுகட்டுவார்கள். அதனால் கேட்பையும் விகிதத்தையும் தனித்தனியே மதிப்பிட்டுப் பிறகு பெருக்குவதே சரி.

ஒவ்வொரு வரவினத்துக்கும் ஒரு வேகம் உண்டு. கட்டட அனுமதிக் கட்டணம் முதலில் விழும். சொத்து வரி தாமதமாகவே அசையும். சொத்தின் மதிப்பீடு பழைய சந்தை விலையைப் பார்த்து நடப்பதே காரணம். 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு விலைச் சரிவு சொத்து வரியில் தெரிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆயின. விலை ஏறத் தொடங்கிய செய்தியைக் கேட்டவுடன் கேட்பை உயர்த்தி எழுதுவது அவசரம். விற்பனை வரியில் இன்னொரு மயக்கம்: விலைவாசி ஏறினாலே வரவும் ஏறும், ஆனால் செலவும் கூடவே ஏறிவிடும்.

வரி நிலுவையை ஒரே தொகையாக வைப்பது எனக்கு ஒருபோதும் சம்மதமில்லை. ஓராண்டு நிலுவை, மூன்றாண்டு நிலுவை, வழக்கில் கிடப்பது, ஆளே இல்லாத சொத்து என வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்பு உண்மையில் வசூலான விகிதத்தைப் போட வேண்டும். வழக்கில் கிடப்பதற்குப் பூஜ்யம் போடுவதே நேர்மை. அபராதத் தள்ளுபடி அறிவித்த ஆண்டின் வசூலை அடிப்படையாக எடுக்கவே கூடாது. அடுத்த ஆண்டு வரவேண்டியதில் ஒரு பகுதி அதிலேயே வந்து முடிந்திருக்கும். நிலம் விற்ற பணம், சிறப்பு மானியம் எல்லாவற்றையும் அடிப்படைத் தொகையிலிருந்து அப்படியே கழித்துவிட வேண்டும்.

ஆண்டு நடுவில் சரிபார்க்க மாதவாரிப் பங்கு உதவும். முதல் நான்கு மாதத்தில் வழக்கமாக 38 சதவீதம் வசூலாகி, இந்த முறை 3.4 கோடி வந்திருந்தால், 3.4-ஐ 0.38-ஆல் வகுக்க ஆண்டு முடிவு சுமார் 8.95 கோடி. கெடு தேதி தள்ளிப்போயிருந்தாலோ தவணை வசதி கொடுத்திருந்தாலோ இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மாற்றிய தேதிக்கு ஏற்பப் பங்கையும் மாற்ற வேண்டும்.

மேலரசின், அதாவது மாநில அல்லது மத்திய அரசின், வரிப் பகிர்வில் ஒதுக்கீட்டு உத்தரவை மட்டும் நம்பக் கூடாது. மேலரசும் அதே மந்தத்தில்தான் இருக்கிறது. கடைசித் தவணை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போவது சாதாரணம். ஆகவே சம்பளம், மின்கட்டணம் போன்ற தள்ள முடியாத செலவுகளைக் குறைந்தபட்ச மதிப்பீட்டோடு இணைத்துவிட்டு, புதிய பணிகளை வரவு வந்ததும் தொடங்கும்படி தனியே வைப்பது நல்லது. எந்த மாதத்தில் எவ்வளவு குறைந்தால் எந்தப் பணி நிற்கும் என்பதையும் பட்ஜெட் நிறைவேறும் அன்றே எழுதி வைத்துவிட வேண்டும்.