மூன்று மாத லாக்

ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 14 வருடமாக இதைத்தான் செய்கிறேன். யார் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் ஃபயர்வாலின், அதாவது அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் கருவியின், லாக்கில் (பதிவேட்டில்) பதிவாகும். அதைத் திறந்து பார்க்கிற அனுமதி எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேருக்கு. அதில் ஒருவன் நான்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சாயங்காலம் கிளம்பப் போகிற நேரத்தில் ஒரு பிரிவின் மேலாளர் என் மேசைக்கு வந்தார். அவர் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவின் பெயரைச் சொல்லி, "மூணு மாசமா இவங்க நெட்ல என்ன பண்றாங்கன்னு ஒரு ரிப்போர்ட் வேணும். நாளைக்குள்ள கிடைக்குமா?" என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. "சரி சார்" என்றுவிட்டேன். நான் சறுக்கிய முதல் இடம் அது.

பெயரையும் தேதியையும் தட்டினால் போதும், இரண்டு நிமிடத்தில் எல்லாம் எக்செல் கோப்பாக வந்துவிடும். எவ்வளவு வரும் என்பது பலருக்குத் தெரியாது. பிரவுசரில் பூட்டுப் படம் தெரிந்தால் நடுவில் யாரும் படிக்க முடியாது என்று நம்புகிறார்கள். சொந்த லேப்டாப்பில் அது சரி. கம்பெனி லேப்டாப்பில் கம்பெனியின் ரூட் சர்டிஃபிகேட்டை, அதாவது 'இவர்களை நம்பு' என்று பிரவுசருக்குச் சொல்லும் சான்றை, முன்பே போட்டு வைத்திருக்க முடியும். அப்படிப் போட்டிருந்தால், நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது ஃபயர்வால் நடுவில் நின்று வருவதைப் பிரித்துப் பார்த்து, தன் சர்டிஃபிகேட்டைப் போட்டு மறுபடி மூடி அனுப்பும். கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிக் கொடுப்பதுதான் அது. பூட்டு அப்படியே இருக்கும். அதை அழுத்தி, சர்டிஃபிகேட்டை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் கம்பெனி பெயரோ ஒரு ஃபயர்வாலின் பெயரோ இருந்தால், நீங்கள் தட்டுவது வழியில் பிரிக்கப்படுகிறது என்று அர்த்தம். இன்காக்னிட்டோ இதற்கு உதவாது. அது உங்கள் பிரவுசரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் ஃபயர்வாலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் லாக்கில் தளத்தின் பெயர் மட்டுமில்லை, முழு முகவரியும் இருந்தது. தேடுபொறியில் தட்டிய சொற்கள் அந்த முகவரியின் வாலிலேயே வந்துவிடும்.

11:42, டயாலிசிஸ் வாரம் மூன்று முறை வேலைக்குப் போக முடியுமா.
11:44, கிரியாட்டினின் 7 என்றால் என்ன.
11:51, தம்பிக்கு அக்கா சிறுநீரகம் கொடுக்கலாமா வயது 47.

அடுத்த வரி 11:58. அலுவலக சர்வரில் விற்பனைக் கணக்குப் பக்கம். 16 நிமிடம் இதைத் தேடிவிட்டு அந்த அக்கா வேலைக்குத் திரும்பியிருக்கிறார்.

அந்த இடத்திலாவது கோப்பை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மூன்று மாதத்தையும் படித்தேன். ரிப்போர்ட்டுக்கு அது தேவையே இல்லை. படிக்க முடிந்தது, படித்தேன்.

அந்தத் தேடல்களை மேலாளருக்கு அனுப்பவில்லை. மென்பொருள் தானாகக் கூட்டிக் கொடுக்கும் சுருக்கத்தை மட்டும் அனுப்பினேன். அதில்தான் இரண்டாவது சறுக்கல். ஒரு நாள் கணக்கில் "சமூக வலைத்தளம்: 6 மணி 12 நிமிடம்" என்று இருந்தது. இந்த மாதிரி எண் எப்படி வருகிறது என்பது என் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். ஒரு டேபைத் திறந்து அப்படியே விட்டுவிட்டால், நாம் பார்க்காவிட்டாலும் அந்தப் பக்கம் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று தன் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் லாக்கில் ஒரு வரி. எங்கள் மென்பொருள் அந்த வரிகளைக் கோத்து, இடைவெளியையும் சேர்த்து, "பார்த்த நேரம்" என்று போட்டுவிடும். எனக்கு இது தெரியும். ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று எழுதாமல் கிளம்பினேன்.

அந்த வாரமே அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

கடிதத்தில் இருந்த தேதியைக் கேள்விப்பட்டபோதுதான் உறைத்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் அவர் என்னோடு ஒரே மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. அவருடைய கணினி பூட்டிய திரையோடு மேசையில் கிடந்திருக்கும். மறுநாள் என் கணினியிலேயே அதே தளத்தைத் திறந்தேன், திரையைப் பூட்டினேன், சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து என் பெயரில் ரிப்போர்ட் எடுத்தால், 58 நிமிடம் சமூக வலைத்தளத்தில் இருந்தேனாம். அதை அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த எண்ணைக் கொடுத்தவன் நான்.

அதற்கு அப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். ருமேனியாவில் போக்டன் பர்புலெஸ்கு என்ற பொறியாளரின் வழக்கு இதில் முக்கியமானது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாகூ மெசஞ்சரில் ஒரு கணக்கு தொடங்கினார். 2007 ஜூலையில் நிறுவனம் அதைச் சில நாள் கண்காணித்தது. அலுவல் விஷயம் மட்டும்தான் பேசினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தபோது, 45 பக்கப் பதிவை எடுத்து நீட்டினார்கள். அவர் தன் சகோதரரிடமும், மணக்க இருந்த பெண்ணிடமும் பேசிய அந்தரங்கம் எல்லாம் அதில் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று வேலை போனது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2016 ஜனவரியில் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது; ஆனால் 2017 செப்டம்பர் 5 அன்று அதன் பெரிய அமர்வு 11க்கு 6 என்ற கணக்கில் அவருடைய உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. எந்த அளவுக்குப் பார்ப்பார்கள், எழுதியதையே படிப்பார்களா என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பதைச் சுட்டியது. நிறுவனம் என்ன விதி போட்டாலும், வேலை இடத்தில் ஒருவரின் தனி வாழ்க்கையைப் பூஜ்யமாக்கிவிட முடியாது என்றும் சொன்னது.

45 பக்கம் என்று படித்தபோது அதை அச்செடுத்த ஆளைத்தான் நினைத்தேன். அங்கேயும் என்னைப் போல ஒரு அட்மின் இருந்திருப்பார்.

லாக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒரே கணினி நிமிடத்துக்கு ஒரு முறை, இரவு முழுக்க, யாருக்கும் தெரியாத ஒரு முகவரியைத் தட்டிக்கொண்டிருந்ததை லாக்கில்தான் பிடித்தேன். உள்ளே மால்வேர், அதாவது திருட்டுத்தனமாகப் புகுந்த கெடுதல் மென்பொருள், இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தளத்தின் பெயரும் நேரமும் போதும். தேடிய சொற்கள் எதற்கு?

அதனால் கேட்டுக் கேட்டு சில மாற்றங்களை வாங்கினேன். மருத்துவம், வங்கி சம்பந்தப்பட்ட தளங்களைப் பிரித்துப் பார்க்காமல் விடச் சொல்லும் வசதி ஃபயர்வாலிலேயே இருந்தது. யாரும் அதைப் போட்டதில்லை, நானும்தான். போட்டேன். முழு முகவரியைச் சேமிப்பதை நிறுத்தினேன். ஒரு வருடம் வைத்திருந்த லாக் இப்போது 30 நாளில் அழிந்துவிடும். ஒருவரைப் பற்றி ரிப்போர்ட் வேண்டுமென்றால் காரணம் எழுத்தில் வர வேண்டும், அந்த நபருக்கும் தெரிய வேண்டும். கடைசி விஷயத்துக்குத்தான் ரொம்ப நாள் இழுத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம் என்று நானே நேரில் சொல்கிறேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட அன்று அந்த அக்கா என் இடத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் படிச்சியா தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "படிச்சேன்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிட்னி கொடுக்கலாம்னு இருக்கேன்னு வீட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல. அவன்கிட்டகூட சொல்லல" என்றார்.