ஸ்குரூஜும் ஒரு பழைய பெட்சீட்டும்

இந்த நத்தாருக்குப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவதோடு நிற்காமல் நாங்களே ஒன்று செய்வோம் என்று நவம்பர் கடைசியில் வாயை விட்டுவிட்டேன். அக்காவின் பிள்ளைகள் மூன்று பேர், விடுவார்களா? கதை டிக்கென்ஸின் 'எ கிறிஸ்மஸ் கரோல்': ஸ்குரூஜ் என்ற கஞ்சனிடம் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவியும், பிறகு இன்னும் மூன்று ஆவிகளும் வந்து அவனைத் திருத்துகிற கதை. அதை ஒரு பழைய பெட்சீட்டைத் திரையாகக் கட்டி நிழல் நாடகமாகச் செய்வது என்று முடிவானது. கல்லடியில் மாரி மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இருட்டாவது செலவில்லாமல் கிடைக்கும் என்பது என் கணக்கு.

முதல் கிழமை வாசிப்பிலேயே போயிற்று. 1843 டிசம்பரில் வந்த சின்னப் புத்தகம், ஐந்தே அத்தியாயம். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மார்லி செத்துப்போனார் என்றுதான் கதையே தொடங்கும். "எப்பிடி மாமா செத்தவர்?" என்றாள் நடுவிலாள். ஏழு வருசத்துக்கு முந்தி நத்தாருக்கு முதல் நாள் இரவில் என்று இருக்கிறதே தவிர, காரணம் இல்லை. "காய்ச்சலாக்கும்" என்று அவளே முடித்துவிட்டாள்.

அப்புறம் படங்கள் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், களவெடுக்கத்தான் பார்த்தோம். 1901இல் லண்டனில் எடுத்த ஊமைப் படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவர் வால்டர் பூத், முன்பு மாயவித்தைக்காரர். இன்று மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள்தான். அதில் கதவு தட்டும் வளையத்தின் மேல் மார்லியின் முகம் வந்து படியும். எனக்கும் அது வேண்டும் என்று இரண்டு ரோச் லைட்டை வைத்துப் பார்த்தேன், ஒன்று கதவுக்கு, மற்றது முகத்துக்கு. இரண்டும் வெளுத்துப்போயின. படச்சுருளில் ஒளியின் மேல் ஒளியை ஏற்றலாம். நிழலில் இரண்டாவது விளக்கு முதல் நிழலை அழித்துவிடும். இது புரிய எனக்கு இரண்டு இரவு பிடித்தது. கடைசியில் கதவு மட்டையிலேயே முகத்தை ஓட்டையாக வெட்டி, பின்னால் ஒரு மூடி ஒட்டினேன். நூலை இழுத்தால் கதவுக்குள் முகம் வெளிச்சமாகத் திறக்கிறது.

சங்கிலிக்கு மட்டையே வெட்டவில்லை. புத்தகத்தில் மார்லி இழுத்துக்கொண்டு வருவது திறப்புகள், பூட்டுகள், காசுப் பெட்டிகள், கணக்குப் புத்தகங்கள். அம்மாவின் திறப்புக் கோர்வையை அப்படியே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நிழலும் வந்தது, சத்தமும் வந்தது. அடுத்த நாள் காலை அலுமாரியைத் திறக்க முடியாமல் அம்மா வீடு முழுக்கத் தேடியது தனிக் கதை. லண்டன் மூடுபனிக்குச் சாம்பிராணி போட்டதும் நன்றாகத்தான் இருந்தது, பெரியவன் இருமும் வரைக்கும். அது இனி இல்லை.

முதலாவது ஆவிதான் என்னைச் சரியாக வாட்டியது. குழந்தையும் கிழவனும் கலந்த உருவம், தலை உச்சியிலிருந்து வெளிச்சம். 2009இல் வந்த படத்தில் தலையை மெழுகுதிரிச் சுடராகவே ஆக்கியிருந்தார்கள். எங்களிடம் இருப்பது நிழல். நிழலால் வெளிச்சத்தை எப்படிச் செய்வது? மார்லியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய கறுப்பு மட்டையில் ஐந்து சதக் குத்தி அளவு ஓட்டை போட்டேன், அவ்வளவுதான். மட்டையை ஆட்டினால் சீலையில் ஒரு வெளிச்சப் பொட்டு நடமாடுகிறது. அத்தியாய முடிவில் ஸ்குரூஜ் ஒரு தொப்பியை அமுக்கி அந்த வெளிச்சத்தை அணைக்கப் பார்ப்பான். எவ்வளவு அமுக்கினாலும் அடியால் ஒழுகும். சின்னவனை உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தச் சொன்னேன். அவன் கை சின்னது, விரலிடுக்கால் வெளிச்சம் தரைப்பக்கமாக வழிந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இன்னொருக்கா செய் மனே" என்றாள்.

மூன்றாவது ஆவி சுலபம். முக்காடும் நீட்டிய கையும்தான், பேச்சே இல்லை. ஆனால் சின்னவன் அழுதுவிட்டான். 1992இல் வந்த மப்பெட் பொம்மைப் படத்தில் அந்த ஆவி வந்ததும் கதை சொல்பவர்களே பயந்து ஓடிவிடுவார்கள். அதையே எடுத்தேன். கதை சொல்லும் பெரியவன் அந்த இடத்தில் "முடிவில வாறன்" என்று சீலைக்குப் பின்னால் ஓடுவான், சின்னவனையும் இழுத்துக்கொண்டு.

இருபத்துநான்காம் திகதி இரவுக்கு இன்னும் ஆறு நாள். கதையில் வரும் கால் ஏலாத சிறுவன் டைனி டிம்மின் ஊன்றுகோல் இரண்டாவது தரமாக முறிந்து கிடக்கிறது. ஈர்க்கு சரிவராது, மூங்கில் சீவிப் பார்க்க வேண்டும்.