பைக்குக்கு உண்டு, டிராக்குக்கு இல்லை

கை மாவுக்கட்டைப் போன வாரம்தான் பிரித்தார்கள். கிளெய்மும் முடிந்துவிட்டது. ஆனாலும் மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டப் போவதற்கு முன் அதற்கான மருத்துவக் காப்பீட்டுக்காக அலைந்த மூன்று வாரங்களை நினைத்தால் இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

டிராக் டே (பந்தயத் தடத்தில் போட்டியில்லாமல் சும்மா ஓட்டிப் பார்க்கும் நாள்) பதிவு, வாடகை பைக், விமானம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. பயண மருத்துவ பாலிசியையும் அன்றே எடுத்தேன், சாகச விளையாட்டு கூடுதல் கவரோடு. வாங்கும் முன் போனில் தெளிவாகக் கேட்டேன்: “மோட்டார் சைக்கிள் ஓட்டினால் கவர் உண்டா?” “உண்டு, லைசென்ஸ் இருந்தால் போதும்.” நம்பிப் பணம் கட்டினேன்.

பாலிசி வந்த அன்று இரவு விலக்குகள் பகுதியைப் படித்தேன். பங்கீ ஜம்ப் உண்டு, ஸ்கூபா உண்டு. ஆனால் பந்தயம், வேகச் சோதனை, அவற்றுக்கான பயிற்சி, மூடிய தடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுவது, எதற்கும் கவர் இல்லை. மறுநாள் மூன்று முறை போன் செய்தேன், மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டு மெயில் அனுப்பினேன். ஐந்து நாள் கழித்து ஒரு வரி வந்தது: “பாலிசி விதிகளைப் பார்க்கவும்.” பயணம் தொடங்காததால் ரத்து செய்ய முடிந்தது, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.

இதற்கிடையில் டிராக் டே ஏற்பாட்டாளர், “எங்கள் கட்டணத்திலேயே இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்றார். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள். எனக்குத் தந்ததில் இருந்தது இரண்டே விஷயம்: நம்மால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்பு, உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ ஒரு மொத்தத் தொகை. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி பில் கட்ட அதில் ஒரு பைசாவும் இல்லை.

கடைசியில் மோட்டார் விளையாட்டுக்கென்றே காப்பீடு பார்த்துத் தரும் ஒரு தரகர் கிடைத்தார். அவர் கேட்ட கேள்விகளிலேயே விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தது. போட்டியா, சும்மா ஓட்டுவதா? நேரம் எடுத்து வெளியிடுவார்களா? பைக் எத்தனை சிசி? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேவுக்கும் போவீர்களா? அந்த 20.8 கிலோமீட்டர் தடம், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் சட்டப்படி சுங்கம் கட்டி ஓட்டும் ஒருவழிச் சாலை. அப்படியிருந்தும் அதைப் பந்தயத் தடமாகவே எடுத்துக்கொள்ளும் காப்பீடுகள் உண்டாம்.

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை அளக்கும் லேப் டைமர் விஷயத்தில் கவனமாக இருங்கள். நேரம் அளந்தாலே வேகச் சோதனை என்று வாதாட இடம் கிடைத்துவிடும். அதனால் ஏற்பாட்டாளரிடம் ‘போட்டி இல்லை, நேர வரிசை இல்லை, பரிசு இல்லை’ என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்து, மூடிய தடத்தில் போட்டியில்லாத ஓட்டத்துக்குக் கவர் உண்டு என்று பாலிசியோடு ஒரு எண்டார்ஸ்மென்ட் (பாலிசி விதியை மாற்றும் இணைப்புத் தாள்) சேர்த்தார்கள். அதிலும் கவர் முடியும் தேதி நான் ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளாக இருந்தது. திருத்தி வாங்க இன்னும் இரண்டு நாள்.

இரண்டாம் நாள் கடைசி செஷனில், 15-ஆம் வளைவில், முன் சக்கரம் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவு. டிராக் மருத்துவ மையத்தில் முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அட்மிட் ஆகும் முன் உதவி எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கேஷ்லெஸ் கிடைக்காது. எதிர்முனையில் இருந்தவர், “டிராக்கா? அது கவர் ஆகாதே” என்றார். வலியோடு எண்டார்ஸ்மென்ட் எண்ணையும் அந்த வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் படித்துக் காட்டினேன். இருபது நிமிடம் லைனில் காத்திருந்தேன். அப்புறம், “சரி, உத்தரவாதக் கடிதம் அனுப்புகிறோம்” என்றார். அந்த நொடியில் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தத் தாளின் படத்தைப் போனில் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது.

பின்னால் கிளெய்முக்காக என்னிடம் கேட்ட தாள்களில் முக்கியமானது டிராக்கின் விபத்து அறிக்கை. அதை அன்றே கூட வந்த நண்பர் கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்தார். ஊருக்கு வந்த பிறகு மெயிலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. நாட்டுக்குத் திரும்பியபின் செய்யும் பிசியோதெரபி என் பாலிசியில் வராது. வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் கேட்டிருக்கிறேன், எழுத்தில்தான். பதில் இன்னும் வரவில்லை.