நல்லாப் பாரும்மா

“இந்தப் பக்கம் இல்லை மேடம்.”

“நல்லாப் பாரும்மா.”

நடந்தது இவ்வளவுதான். முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒரு மாணவியிடம் மண்டையோட்டைக் கவிழ்த்து, அதன் அடியில் தமனி நுழையும் சின்னத் துளையான ஃபொரமென் ஸ்பைனோசத்தைக் காட்டச் சொன்னேன். வலப்பக்கம் உடனே காட்டிவிட்டாள். இடப்பக்கம் கேட்டதும் இரண்டு முறை தேடினாள், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் இல்லை என்றாள். “நல்லாப் பாரும்மா” என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. மண்டையோட்டின் அடியிலுள்ள ஸ்பீனாய்டு எலும்பின் முள்ளுக்குச் சற்று முன்னால் இருந்த சின்னக் குழியில் ஈர்க்குச்சியை வைத்து, “இதுதான் மேடம்” என்றாள். “குட்” என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

சாயங்காலம் எலும்புகளைப் பெட்டியில் அடுக்கும்போது ஏதோ உறுத்தி, அதே குழியில் ஈர்க்குச்சியை நுழைத்தேன். ஒரு நெல்மணி அளவுகூட இறங்கவில்லை, முட்டி நின்றது. வலப்பக்கத் துளையில் விட்ட குச்சி மறுபுறம் மண்டையோட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அவள் முதலில் சொன்னதுதான் சரி.

பழைய எலும்பு, உடைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். வருஷக்கணக்காகப் பிள்ளைகள் குத்திக் குத்தி, பக்கத்திலுள்ள பெரிய துளையான ஓவேலும் ஸ்பைனோசமும் ஒன்றாகிவிட்ட மண்டையோடுகள் எங்களிடம் உண்டு. ஆனால் உடைந்தால் துளை பெரிதாகும், மூடிக்கொள்ளாது. மேல்மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். வலப்பக்கம், மூளையுறைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடு மெனிஞ்சியல் தமனியின் பள்ளம் ஸ்பைனோசத்திலிருந்து கிளம்பி, முன்னும் வெளியுமாக ஓடி, இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கப் பள்ளம் கண்குழியின் மேல்பிளவிலிருந்து வருகிறது. அதாவது இந்த மனிதருக்கு இடப்பக்கத் தமனி கழுத்திலிருந்து அடிவாசல் வழியாக ஏறவில்லை, கண் தமனியிலிருந்து கிளைத்திருக்கிறது. தமனி வராத இடத்தில் வாசலும் உருவாகவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை இல்லாமல் போனதற்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது.

எனக்கும் நியாயம் உண்டு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஒரு மாணவருக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிஷம். பக்கத்தில் வெளித் தேர்வாளர், வாசலில் வரிசை. துளை தெரியாதவர்களும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பத்தில் ஒன்பது முறை அவர்கள் பார்க்காமல்தான் சொல்கிறார்கள். இன்னொரு முறை பார்க்கச் சொல்வது ஒரு வாய்ப்புத் தருவதுதானே? ஆனால் அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திருப்பியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வகுப்பில் வெசாலியஸ் துளையை நான் ஆசையாக நடத்துவேன். ஓவேலுக்கு முன்னால், உள்பக்கமாக இருக்கும் பொடித் துளை. சிலருக்கு இரண்டு பக்கமும், சிலருக்கு ஒரு பக்கம், சிலருக்கு இருக்கவே இருக்காது. முகத்தில் வரும் ட்ரைஜெமினல் நரம்பு வலிக்கு ஓவேல் வழியாக ஊசி விடும்போது அது தவறி இதற்குள் போனால், மூளைக்கு அடியில் சிரை ரத்தம் தேங்கி ஓடும் கேவர்னஸ் சைனஸைக் குத்திவிடும் என்று எச்சரிப்பேன். அந்தத் துளைக்குப் பெயர் தந்த உடற்கூறியலாளர் வெசாலியஸ் 1543இல் புத்தகம் போட்டபோது, மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று எழுதினார். பழைய கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டு என்று சொல்லி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாடையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு என்று படித்தவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும், அதையும் வகுப்பில் சொல்வேன். வெசாலியஸ் துளை இல்லை என்று ஒருவர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இல்லாமல் போகலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஸ்பைனோசமும் இல்லாமல் போகலாம் என்பதற்கு என் மனதில் இடம் இல்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்க்கச் சொன்னேனா, புத்தகத்தைச் சொல்லச் சொன்னேனா?

மதிப்பெண் போனால் பரவாயில்லை, பிறகு திருத்தலாம். இன்று நடு மெனிஞ்சியல் தமனியை அடைத்து, மூளையுறைக்கு அடியில் சேரும் சப்டியூரல் ரத்தக்கட்டுக்கு வைத்தியம் செய்கிறார்கள். அது கண் தமனியிலிருந்து வருகிற தமனியாக இருந்து, அதைக் கவனிக்காமல் அடைத்தால், அடைக்கச் செலுத்தும் பொருள் விழித்திரைக்குப் போய்ப் பார்வையே போகலாம். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தின் முன்னால் நிற்கும் ஒருவர், ‘இங்கே இருக்க வேண்டியது இல்லையே’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒருத்தியை நான் பின்வாங்க வைத்தேன். ஒரே ஒரு வைவாவில் அப்படி என்ன ஆகிவிடும் என்றும் தோன்றுகிறது. அவள் இப்போது இறுதியாண்டு. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்து, நடந்துவிட்டேன்.

அந்த மண்டையோட்டைத் தனியாக அலமாரியில் வைத்திருந்தேன். போன வருஷம் மறுபடி வைவா மேசைக்கு எடுத்துப் போனேன். இப்படி ஒன்றை வைத்துச் சோதிப்பது சரியா என்பதில் தெளிவில்லாமல்தான் எடுத்துப் போனேன். அன்று வந்த பையனிடம் இடப்பக்க ஸ்பைனோசம் எங்கே என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் அதே குழியில் குச்சியை வைத்தான்.

“உள்ளே விட்டுப் பாருப்பா” என்றேன்.

விட்டான். முட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தான், பிறகு குச்சியை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.