பின்னோக்கி மூன்று அடி

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளின் உடலியக்க ஒருங்கிணைப்பை, அதாவது கை, கால், உடம்பு எல்லாம் சேர்ந்து இயங்குவதைச் சோதிப்பது என் வேலை. நான் பயன்படுத்துவது ஜெர்மனியில் 1974இல் வெளிவந்த கே.டி.கே. சோதனை. பெரிய செலவில்லை, கட்டைகளை ஊர்த் தச்சரே செய்து கொடுத்தார். மூன்று கட்டைகள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம். அகலம் 6, 4.5, 3 செ.மீ. பிள்ளை அதன்மேல் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒரு கட்டைக்கு மூன்று வாய்ப்பு, வாய்ப்புக்கு 8 அடிவரை எண்ணுவோம். ஆக, இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் 72.

ஆரம்பத்தில் வகுப்பு நடுவிலேயே கட்டையைப் போட்டுவிட்டேன். எல்லோரும் சிரிக்க, ஒரு சிறுமி இரண்டாவது அடியிலேயே இறங்கிவிட்டாள். அடுத்த வாரம் வராந்தாவில் தனியாக நடக்க வைத்தபோது எட்டு அடியும் நடந்தாள். நான் அளந்தது அவள் கூச்சத்தை. அன்றிலிருந்து ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். "எழுதவே மாட்டான் மேடம், சரியான சோம்பேறி" என்றார் ஆசிரியர். அகலமான கட்டையிலேயே மூன்று அடிதான். சாயும்போது மற்ற பிள்ளைகள் கையை விரிப்பார்கள். இவன் கைகள் தொங்கியபடியே இருந்தன. அப்புறம் பலகைச் சோதனை. ஒரு பலகையில் நின்றுகொண்டு, இன்னொன்றை எடுத்து அந்தப் பக்கம் வைத்து அதில் ஏற வேண்டும். 20 நொடியில் எத்தனை முறை பலகையை மாற்றி வைத்து ஏறுகிறார்கள் என்பது கணக்கு. பலகையை எடுத்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். காலில் பலம் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்ற வரிசைதான் உடம்புக்கு வரவில்லை.

அவன் நோட்டை வாங்கி, எழுதிய தாளின் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் புடைத்துக்கொண்டிருந்தது. இப்படி அழுத்தி எழுதினால் மூன்றாவது வரியிலேயே கை கடுக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை.

இடைவேளையில் பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். இவன் சுவரோரம் நின்றான்.

"நீ ஆடலையா?"

"நான் சில்லு பாத்துக்குவேன் மிஸ்."

அதை எழுதச் சோதனைத் தாளில் இடமில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எனக்கு மூன்று அடி என்ற எண்ணைவிட அந்தப் பதில்தான் அதிகம் சொன்னது.

பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இந்த ஒருங்கிணைப்புக் குறைபாடு உண்டு. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்த மாட்டேன். அந்த அளவுகோல் அந்தக் கால ஜெர்மன் பிள்ளைகளை வைத்துப் போட்டது. ஆனாலும் அதே பிள்ளையை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க அது நன்றாக உதவும்.

அறிக்கையைப் படித்துவிட்டு ஆசிரியர் கேட்டார்: "அப்போ எழுத வைக்க வேண்டாமா மேடம்?"

"எழுதட்டும் சார். பத்து வரிக்குப் பதிலா அஞ்சு வரி. மீதியை வாயால சொல்லட்டும்."

சரி என்று அவன் நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவைத்தார்.